படத்துக்குள்ள வந்து நில்லுங்க

எங்க வீட்டுல அதிகமா போட்டோ எடுக்கப்பட்ட ஆள் யாருன்னு கேட்டா எல்லாரும் என்னைத்தான் கை காட்டுவாங்க. கேலரி ஃபுல்லுன்னு ஃபோன் வாரத்துக்கு ஒரு தடவை அழுவுற கேஸ் நான். ஆனா உட்கார்ந்து கணக்குப் போட்டா சரியான பதில் எங்க ஆயா.

நூறு நாள் வேலைக்குப் போறவங்களோட வருகையை மொபைல் ஆப்ல போட்டோ எடுத்துத்தான் பதியணும்னு 2023 ஜனவரி 1 முதல் நாடு முழுக்கக் கட்டாயமாக்கினாங்க. ஒரு நாளைக்கு ரெண்டு படம். எந்த இடம், எத்தனை மணின்னு படத்தோடயே பதிவாயிடும். எங்க ஆயா வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் ஏரிக்கரையில மண்வெட்டி, பாண்டு சட்டியோட வரிசையில நின்னு ரெண்டு தடவை படத்துல விழுந்திருக்கு. அதுல ஒரு படத்தைக்கூட ஆயா பார்த்தது கிடையாது. "நம்மள எடுக்கறாங்க, எங்கயோ அனுப்பறாங்க, கூலி வருது"ன்னு மட்டும் சொல்லும்.

அதைத் தவிர ஆதார், ரேஷன் ஸ்மார்ட் கார்டு, வாக்காளர் அட்டை. மூணுலயும் ஒரே முகம்தான். உதட்டை இறுக்கி, கண்ணை அகலமா விரிச்சு, தப்புப் பண்ணி மாட்டிக்கிட்ட மாதிரி ஒரு முகம். கல்யாண ஆல்பங்கள்லயும் அதே முகம். வீட்டுல நாள் முழுக்கச் சிரிச்சு, சத்தம் போட்டுப் பேசற ஆயா, கேமராவைப் பார்த்தா மட்டும் கல்லாயிடும்.

போட்டோன்னா ஆயாவுக்கு ஒரு பரீட்சை மாதிரி. இந்த வருஷம் காணும் பொங்கலுக்கு எங்க தெருவுல நாங்க பண்ணின விஷயத்துக்கு இதுதான் ஆரம்பம். போட்டோவை விளையாட்டா மாத்த முடியுமா? சுவத்துல மாட்டி "தொடாதீர்கள்"னு போர்டு வைக்காம, எல்லாரும் உள்ள வந்து நிக்கிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா?

நான் படிச்சது டவுன்ஷிப்ல இங்கிலீஷ் மீடியம். கம்மாபுரத்துலேர்ந்து தினமும் வேன். அதனால "கலை"ன்னா ஏசி ஹால்ல அமைதியா பார்க்கறதுன்னு ஒரு நினைப்பு எனக்குள்ள எப்படியோ வந்து உட்கார்ந்திருந்தது. போன வருஷம் பிப்ரவரியில நானும் என் தோழியும் சென்னை போட்டோ பினாலேவுக்குப் போனோம். 2016-ல ஆரம்பிச்ச விழா அது. முதல் தடவையே பறக்கும் ரயில் ஸ்டேஷன், பூங்கான்னு பொது இடங்கள்ல படம் வெச்சாங்க. 2019-ல ரெண்டாவது தடவை நடந்தப்போ மெரினாவுக்கு எதிர்ல இருக்கிற பழைய செனட் ஹவுஸுக்குள்ளயே படங்கள் போச்சு. நாங்க போனது நாலாவது பதிப்பு. 2024 டிசம்பர்ல தொடங்கி 2025 மார்ச் வரைக்கும் நடந்தது. அந்தத் தடவை அவங்க வெச்ச தலைப்பே ஒரு கேள்விதான்: ஏன் படம் எடுக்கிறோம்?

திரும்பி வர்ற பஸ்ல அந்தக் கேள்வியே மண்டையில ஓடிச்சு. யாரு கேக்கறாங்கங்கறதைப் பொறுத்து அந்தக் கேள்விக்குப் பதில் மாறும் இல்லையா? எடுக்கறவங்க சொல்ற பதில் ஒண்ணு. எங்க ஆயா மாதிரி எடுக்கப்படறவங்க சொல்ற பதில் வேற.

கொஞ்சம் பழைய கதையைப் பார்த்தா நம்ம பக்கம் போட்டோ நுழைஞ்சதே பதிவு வேலையாத்தான். 1850-கள்ல லின்னியஸ் ட்ரைப்னு ஒரு ராணுவ அதிகாரியை மெட்ராஸ் அரசாங்கம் போட்டோ எடுக்கறதுக்குன்னே நியமிச்சது. 1858-ல அவர் தஞ்சைப் பெரிய கோயில் அடிப்பக்கக் கல்வெட்டுகளை வரிசையா எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமா ஆக்கினார். ஃபோன்ல பனோரமா எடுக்கறப்போ கை ஆடினாலே நமக்குக் கோணலா வருது. அந்த மனுஷன் பெரிய மரக்கேமராவையும் கெமிக்கலையும் தூக்கிக்கிட்டு வெயில்ல அதைப் பண்ணியிருக்கார். பிரமிக்க வைக்கிற வேலைதான். ஆனா அதுவும் கணக்கெடுப்புதான். என்ன இருக்கு, எங்க இருக்குன்னு எழுதி வெச்சுக்கிற வேலை.

அந்தக் கருவியை விளையாட்டுப் பொருளா மாத்தினது நம்ம ஊர் ஸ்டூடியோக்காரங்க. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடித்தேடி டிஜிட்டலாக்கி வெச்சிருக்கு. அந்த மாதிரிப் பழைய படங்களைப் பார்த்தா ஒரு விஷயம் புரியும். பின்னாடி தொங்கற திரையில அரண்மனைப் படிக்கட்டு, ஏரி, மாடமாளிகை. முன்னாடி பூஜாடி, சும்மா வெச்ச டெலிஃபோன். வாழ்க்கையில டெலிஃபோனைத் தொடாதவர் அதைக் காதுல வெச்சுக்கிட்டு கம்பீரமா உட்கார்ந்திருப்பார். ஒரே ஆள் ரெண்டு தடவை வர்ற டபுள் ஆக்ட் படமும் உண்டு. லென்ஸ்ல பாதியை மறைச்சு ஒரு பக்கம் எடுத்து, அப்புறம் மறுபாதியை மறைச்சு இன்னொரு பக்கம் எடுத்து, ஒரே ஃபிலிம்ல ரெண்டையும் சேர்த்த கில்லாடித்தனம் அது. ஃபோட்டோஷாப் பொறக்கறதுக்கு எவ்வளவோ முன்னாடி!

எங்க மாவட்டத்துல தை அஞ்சாம் தேதி ஆத்துத் திருவிழா. பெண்ணையாத்து மணல்ல சாமியெல்லாம் வந்து இறங்கும். சிறுவள்ளிக்கிழங்கு, கரும்பு, பலூன் சுடற கடை, அதுக்குப் பக்கத்துல போட்டோ கடை. நடிகர் கட்அவுட் தோள்ல கை போட்டு நிக்கலாம். அட்டை மோட்டார் பைக்ல உட்காரலாம். உடம்பு மட்டும் வரைஞ்ச பலகையில ஓட்டை வழியா தலையை விட்டு ராஜாவாகலாம். இந்தத் தலை விடற பலகைக்கும் ஒரு வரலாறு இருக்கு. நாய்கள் சீட்டு விளையாடற ஓவியங்களை வரைஞ்ச அமெரிக்கர் காசியஸ் கூலிட்ஜ்தான் அதைப் பிரபலமாக்கினவர்னு சொல்றாங்க. ஓவியர் பேரு தெரியாதவங்ககூட அந்த ஓட்டையில ஒரு தடவையாவது தலையை விட்டிருப்பாங்க.

1925-ல நியூயார்க் பிராட்வேயில அனடோல் ஜோசஃபோங்கறவர் காசு போட்டா தானா படம் எடுக்கிற கூண்டைத் திறந்தார். 25 சென்ட் போட்டா எட்டுப் படம். முதல் ஆறு மாசத்துல 2 லட்சத்து 80 ஆயிரம் பேர் வரிசையில நின்னு எடுத்துக்கிட்டாங்களாம். எதுக்கு அவ்வளவு கூட்டம்? திரையை இழுத்து விட்டா உள்ள போட்டோகிராஃபர் கிடையாது. "அசையாதே"ன்னு சொல்ல ஆள் இல்லாத இடத்துல மனுஷன் நாக்கை நீட்டுவான், கண்ணை உருட்டுவான், பக்கத்துல இருக்கிறவனைக் கிள்ளுவான். எட்டுப் படத்துல ஒண்ணாவது நிஜ முகமா வந்துடும்.

இதையே பெரிய கலையா செஞ்சவங்க பெங்களூரு கலைஞர் என். புஷ்பமாலா. நான் மேல சொன்ன 2019 பினாலேவோட பொறுப்பாளர் அவங்கதான். அவங்க கிளேர் ஆர்னியோட சேர்ந்து 2000-லேர்ந்து 2004 வரைக்கும் தென்னிந்தியப் பெண்களைப் பத்தி ஒரு படத்தொடர் செஞ்சாங்க. ரவிவர்மா ஓவியத்துப் பெண், காலண்டர் லட்சுமி, பழைய தமிழ் சினிமா கதாநாயகின்னு எல்லா வேஷத்தையும் அவங்களே கட்டிக்கிட்டு கேமரா முன்னாடி நிப்பாங்க. வெள்ளைக்கார அதிகாரிகள் பழங்குடி மக்களைக் கட்டம் போட்ட திரை முன்னாடி நிறுத்தி அளந்து எடுத்த படத்தையும் அதே மாதிரி நடிச்சுக் காட்டியிருக்காங்க. அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு ஏரிக்கரை வரிசைதான் ஞாபகம் வந்தது.

சரி, கதைக்கு வருவோம். காணும் பொங்கல்னு பேர்லயே "காணும்" இருக்கு. எங்க டிபார்ட்மென்ட் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் பொங்கலுக்கு எங்க வீட்டுக்கு வர்றதா இருந்தாங்க. அன்னைக்குக் காலையில தெருவுல மூணு விளையாட்டு வைக்கலாம்னு முடிவு பண்ணினோம். மொத்தச் செலவு ஆயிரத்துக்கும் கம்மி. ஸ்பான்சர் எங்க பெரியப்பா.

முதல் விளையாட்டு, இருட்டு அறை. பெரியப்பா வீட்டுல நெல் மூட்டை அடுக்கற அறைக்குத் தெருப்பக்கம் ஒரே ஒரு ஜன்னல். அதைக் கறுப்பு சார்ட் பேப்பரால முழுசா அடைச்சு, நடுவுல ஒரு ஓட்டை போட்டோம். ஊசித்துளை கேமராவுக்கு ஒரு ஃபார்முலா இருக்கு. துளையிலேர்ந்து திரை வரைக்கும் உள்ள தூரத்தையும் ஒளியோட அலைநீளத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 1.9-ஆல பெருக்கணும். மூணு மீட்டருக்குக் கணக்குப் போட்டா சுமார் 2.4 மில்லிமீட்டர் வரும். அதுல படம் நல்லா கூர்மையா இருக்கும், ஆனா வெளிச்சம் பத்தாது. நாங்க ஒன்றரை சென்டிமீட்டர் வெச்சோம். கேமரா பாஷையில அது எஃப்/200. ஃபோன் லென்ஸ் எஃப்/1.8-னு வெச்சுக்கிட்டா, அதைவிட எங்க படம் 12 ஆயிரம் மடங்கு மங்கல். அதனால உள்ள போனதும் ஒண்ணும் தெரியாது. பத்து நிமிஷம் பேசாம உட்காரணும்.

இன்னொரு சூட்சுமம் திசை. ஜன்னல் மேற்குப் பார்த்தது. காலை வெயில் எதிர்வீட்டு முகப்புல நேரா விழும். வெளிய நல்ல வெளிச்சம், உள்ள கும்மிருட்டு, நடுவுல பெரியப்பாவோட வெள்ளை வேட்டி திரை. பத்து நிமிஷம் கழிச்சு அந்த வேட்டியில எங்க தெரு தலைகீழா வந்து நின்னுச்சு. கலரோட. அசைஞ்சுக்கிட்டு. கொம்புக்கு பெயின்ட் அடிச்ச மாடு கூரையில நடந்து போச்சு. கரும்புக்கட்டோட ஒரு டிவிஎஸ் 50 தலைகீழா ஓடிச்சு.

"என்ன பாப்பா இது, கரண்டு இல்லாத சினிமாவா இருக்கு"ன்னார் பெரியப்பா. அதுக்கு மேல நான் விளக்கம் சொல்லவே தேவைப்படல. சின்னப் பிள்ளைங்க அஞ்சே நிமிஷத்துல விளையாட்டைக் கண்டுபிடிச்சிட்டாங்க. ஒரு கோஷ்டி வெளிய ஓடிப்போய்த் தலைகீழா நிக்கும். உள்ள இருக்கிற கோஷ்டிக்கு அவங்க மட்டும் நேரா தெரிவாங்க, மத்த உலகம் பூரா தலைகீழ். யாரு நிக்கறாங்கன்னு உள்ளேர்ந்து பேரு சொல்லிக் கத்தணும். தப்பாச் சொன்னா அவங்க வெளிய போகணும். அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் எங்க தெருவுல பாதிப் பேர் கையால நடந்தாங்க.

ஹம்பிக்குப் போனவங்க விருபாட்சர் கோயில்ல இதைப் பார்த்திருப்பீங்க. ராஜகோபுரத்தோட உருவம் ஒரு சின்னத் துளை வழியா வந்து உள்சுவத்துல தலைகீழா விழும். லென்ஸ் கிடையாது, பேட்டரி கிடையாது. வெளிச்சம் நேர்கோட்டுல போகும்ங்கற ஒரே விதி.

ரெண்டாவது விளையாட்டு, நீலப் படம். நாம இன்ஜினியரிங் டிராயிங் கிளாஸ்ல "ப்ளூபிரின்ட்"ங்கற வார்த்தையை எத்தனை தடவை கேட்டிருப்போம்? நிஜ ப்ளூபிரின்ட்டை யாராவது பார்த்திருக்கோமா? 1842-ல ஜான் ஹெர்ஷல் கண்டுபிடிச்ச சயனோடைப் முறைதான் அது. அடுத்த வருஷமே அன்னா அட்கின்ஸ் கடல்பாசிகளை அப்படியே தாள் மேல வெச்சு, வெயில்ல காட்டி, நீலப் படங்களா புத்தகம் போட ஆரம்பிச்சிட்டாங்க. கேமராவே வேண்டாம்.

ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட் பச்சை வகை 25 கிராம், 100 மில்லி தண்ணியில. பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராம், இன்னொரு 100 மில்லியில. ரெண்டையும் சமமா கலந்து, வெயில் படாத அறையில தாள்ல பூசி, இருட்டுல காய வைக்கணும். கையுறை போட்டுக்கோங்க. ஆசிட் பக்கம் கொண்டுபோகாதீங்க. பிள்ளைங்க கையில காய்ஞ்ச தாளை மட்டும் கொடுங்க, கலக்கற வேலை நம்மளோடது. அவங்க முருங்கை இலை, முந்திரி இலை, மாட்டுக்குக் கட்டின மாலையிலேர்ந்து விழுந்த ஆவாரம்பூ, கோழி இறகுன்னு கொண்டுவந்து தாள் மேல வெச்சாங்க. மேல ஒரு கண்ணாடி. பதினஞ்சு நிமிஷம் வெயில். அப்புறம் பக்கெட் தண்ணியில அலசினா, வெயில் பட்ட இடமெல்லாம் கருநீலம், இலை இருந்த இடம் வெள்ளை.

எங்க எதிர்வீட்டு அத்தை கோல அச்சு ஒண்ணைக் கொண்டுவந்து வெச்சாங்க. நீலத்துல கோலம் வந்ததும் அதைத் தண்ணி சொட்டச் சொட்டத் தூக்கிக்கிட்டு தெரு முழுக்கக் காட்டிட்டு வந்தாங்க. அத்தை கையெழுத்துப் போடறதுக்கே தயங்கறவங்க. அன்னைக்கு அந்தத் தாளோட மூலையில நாங்க சொல்லாமலே பேரை எழுதினாங்க.

மூணாவது, தரைப்படம். தரையில கோலமாவால இறக்கை, யானை, ஏணி, ராக்கெட்னு பெருசா வரையறது. பிள்ளைங்க அதுக்குப் பொருத்தமா தரையில படுத்துக்கணும். மாடியிலேர்ந்து நேர் கீழ பார்த்து எடுத்தா, பறக்கற மாதிரி, யானை மேல உட்கார்ந்த மாதிரி வரும். ஆத்துத் திருவிழா தலை விடற பலகையோட பேத்தின்னு வெச்சுக்கோங்க.

இதை ஆயா திண்ணையில உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தது. "வா ஆயா, உனக்கு ஏரோப்ளேன் வரையறேன்"னு கூப்பிட்டேன். வரல. கொஞ்சம் கழிச்சு மெதுவா கேட்டது: "இதுல ஊரு வரைய முடியுமா?"

எந்த ஊர்னு எங்களுக்குப் புரிஞ்சிடுச்சு. ஆயா பொறந்த ஊர் இப்ப இல்ல. நெய்வேலிப் பக்கம் இருக்கிறவங்களுக்கு இதைப் பெருசா விளக்க வேண்டியதில்லை. பழுப்பு நிலக்கரி பூமிக்கு அடியில இருக்கு. அதை எடுக்கணும்னா மேல இருக்கிற மண்ணு, வயல், வீடு, கோயில் எல்லாம் எந்திரிக்கணும். அப்படிப் பல ஊர்கள் எந்திரிச்சுப் போச்சு. அதுல ஒண்ணு ஆயாவோட தாய்வீட்டு ஊர். ஆயாவுக்கு அப்ப கல்யாணமாகி எங்கப்பா கைக்குழந்தை. நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்கற கரண்டு அங்கேர்ந்து வருது, அந்தக் கரண்டுலதான் நான் ராத்திரி கண் முழிச்சுப் படிச்சேன். ரெண்டும் உண்மை. "அந்தப் பேரைச் சொன்னா இப்ப எந்த பஸ்ஸும் நிக்காது"ன்னு ஆயா சொல்லும். அந்த ஊருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. யாரு வீட்டுல கேமரா இருந்தது அப்ப?

அதே ஊர்லேர்ந்து வந்து கம்மாபுரத்துல இருக்கிற இன்னும் மூணு பாட்டிங்களுக்கு ஆள் போச்சு. பக்கத்துத் தெருவுலேர்ந்து ஒரு தாத்தாவும் வந்தார். எதிர்ல இருக்கிற களத்துமேட்டைப் பெருக்கி, தண்ணி தெளிச்சோம். ஆயா கையில கோலமாவுக் கிண்ணத்தோட நடுவுல நின்னு, ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டு, முதல்ல ஏரியை வரைஞ்சது. "ஏரிதான் முதல். ஏரி எங்கன்னு தெரிஞ்சா மத்ததெல்லாம் வந்துடும்."

அப்படித்தான் வந்தது. ஏரிக்கரை, கரை மேல ஐயனார், ஐயனாருக்கு எதிர்ல புளியமரம், மரத்துலேர்ந்து பிரியற ரெண்டு தெரு. நான் நாலு வருஷமா சர்வே, மேப், ஆட்டோகேட்னு படிக்கிறேன். ஸ்கேல் இல்லாம, வடக்கு அம்புக்குறி இல்லாம, நாலு கிழவிங்க காலடியால அளந்து ஒரு ஊரை வரையறதை அன்னைக்குத்தான் பார்த்தேன். கிணறு விஷயத்துல பெரிய சண்டை. பள்ளிக்கூடத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு அரை மணி நேரம். "நான் தினம் தண்ணி சேந்தினவ, எனக்குத் தெரியாதா?" "நான் அதுல விழுந்தவடி, எனக்குத் தெரியாதா?" விழுந்தவங்க கட்சிதான் ஜெயிச்சது. கிணறு அழிக்கப்பட்டு இடம் மாறுச்சு.

வீடுகளை வரைஞ்சு முடிச்சதும் நாங்க சொல்லாமலே ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வீட்டுக்குள்ள போய் நின்னாங்க. ஒருத்தங்க வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள போனாங்க. கோலமாவுக் கோட்டுக்கு வெளிய ஒரு ஜோடி செருப்பு! தாத்தா ஐயனார் கோயில் படியில உட்கார்ந்துக்கிட்டார். இப்ப உயிரோட இல்லாதவங்க வீடெல்லாம் காலியா இருந்தது. "அங்க யாராவது போய் நில்லுங்களேன், வீடு சும்மா கிடக்குது"ன்னு ஆயா சொன்னதும், எங்க ஃப்ரெண்ட்ஸும் பிள்ளைங்களும் போய் நின்னாங்க. திருநெல்வேலியிலேர்ந்து பொங்கல் சாப்பிட வந்த என் ரூம்மேட், பார்த்தே இராத ஒரு ஊர்ல, பேரு தெரியாத ஒரு குடும்பத்தோட வீட்டைக் காவல் காத்துக்கிட்டு நின்னா.

நான் மாடியில கேமராவோட இருந்தேன். "ரெடி"ன்னு நான் சொல்லறதுக்குள்ள ஆயா தன்னோட வீட்டு வாசல்லேர்ந்து எதிர்வீட்டுப் பாட்டியைப் பார்த்து, "ஏண்டி, கோழி உங்க வீட்டுக்குள்ள வந்துச்சா?"ன்னு சத்தமா கேட்டது. நாப்பது வருஷத்துக்கு முன்னாடி அவங்களுக்குள்ள நடந்த ஏதோ கோழிச் சண்டை. அந்தப் பாட்டி இடுப்புல கையை வெச்சுக்கிட்டு, "வந்துச்சு, குழம்பு வெச்சுட்டேன்"னாங்க. ஆயா சிரிச்ச சிரிப்பு மாடி வரைக்கும் கேட்டது. அந்த நேரம் எடுத்ததுதான் அந்தப் படம்.

அதை விருத்தாசலத்துல பெருசா பிரின்ட் போட்டோம். மாடியிலேர்ந்து எடுத்ததால முகம் எல்லாம் சின்னதாத்தான் இருக்கு. ஆனா தலையைப் பின்னுக்குச் சாய்ச்சு, வாயைத் திறந்து ஆயா சிரிக்கறது தெளிவா தெரியும். ஆயா அதைக் கையில வாங்கினதும் தன்னைத் தேடல. ஏரியிலேர்ந்து விரலை வெச்சு, புளியமரம் வழியா நடந்து வந்து, கடைசியில தன்னோட வீட்டுக்கு வந்து நின்னது.

அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். கேமரா அதேதான், ஆளும் அதேதான். அப்ப என்ன மாறுச்சு? ஏரிக்கரைப் படத்துல ஆயா எங்க நிக்கணும்னு வேற ஒருத்தர் சொல்றாங்க. இதுல ஆயா சொல்லுது. நாங்க எல்லாம் நிக்கறோம்.

இந்த வழியில நம்ம தமிழ்நாட்டுலயே பெரிய வேலை செய்யறவர் எம். பழனிக்குமார். மதுரையில மீன் விக்கிற அம்மாவோட பிள்ளை. உழைக்கிற மக்களையும் தூய்மைப் பணியாளர்களையும் படமெடுத்து, கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணக் காப்பகமான பாரியில வெளியிடறவர். அவர் எடுக்கறதோட நிறுத்தாம, பிள்ளைங்க கையில கேமராவைக் கொடுத்துச் சொல்லித் தர்றார். வடசென்னைப் பிள்ளைங்க தங்களோட தெருவைத் தாங்களே எடுத்த படங்கள் 2023-ல எழும்பூர் அருங்காட்சியகத்துல கண்காட்சியாச்சு. செய்தியில வர்ற வடசென்னை ஒண்ணு, அங்க வளர்ற பிள்ளை பார்க்கற வடசென்னை இன்னொண்ணு. வெளிநாட்டுல ஜேஆர்ங்கற பிரெஞ்சுக் கலைஞர் 2011-லேர்ந்து ஒரு திட்டம் நடத்தறார். எந்த ஊர் மக்களும் தங்களோட முகத்தை எடுத்து அனுப்பினா, போஸ்டராக்கித் திருப்பி அனுப்புவாங்க. அதைத் தெருச் சுவத்துல அவங்களே ஒட்டணும். போஸ்டர் ஒட்டறதுல நம்மள அடிச்சுக்க ஆள் உண்டா என்ன?

நம்ம காலேஜ் சிம்போசியத்துல வருஷா வருஷம் போட்டோகிராஃபி கான்டெஸ்ட் வைக்கிறோம். தீம் கொடுப்போம், ஜேபெக் வாங்குவோம், மூணு பேருக்கு சர்டிஃபிகேட் கொடுப்போம். டிஎஸ்எல்ஆர் வெச்சிருக்கிறவங்க ஜெயிப்பாங்க. அதை நிறுத்தச் சொல்லல. பக்கத்துலயே ஒரு கிளாஸ் ரூமை இருட்டாக்குங்க. பத்து கறுப்பு சார்ட், ஒரு டேப், ஒரு வேட்டி, அவ்வளவுதான். கேண்டீன் அக்காவையும் வாட்ச்மேன் அண்ணனையும் முதல் ஷோவுக்குக் கூப்பிடுங்க. ஷூ பெட்டியில செய்யறதா இருந்தா பத்து சென்டிமீட்டர் தூரத்துக்கு 0.45 மில்லிமீட்டர் துளை போதும், மெல்லிசான தையல் ஊசி எடுத்துக்கோங்க. முக்கியமா ஒண்ணு: எடுத்த படத்தை எடுக்கப்பட்டவங்க கையில பிரின்டா கொடுத்துடுங்க. வாட்ஸ்அப்ல அனுப்பறேன்னு சொன்னா அது வராதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

நான் மே மாசத்தோட காலேஜை விட்டுக் கிளம்பறேன். அதுக்குள்ள ஒரு வேலை பாக்கி இருக்கு. படம் பிரின்ட் ஆகி வந்த வாரம், எங்களுக்குத் தெரியாத ஒரு தாத்தா சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வீட்டுக்கு வந்தார். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அவரோடது வேற ஊர், அதுவும் இப்ப இல்ல.

"எங்க ஊருக்கு எப்பம்மா வரைவீங்க? எங்க ஏரி இதைவிடப் பெருசு. மாவு நிறைய வேணும்"னார்.

அஞ்சு கிலோ வாங்கி வெச்சிருக்கேன். செமஸ்டர் முடிஞ்ச முதல் ஞாயித்துக்கிழமை, காலையில ஏழு மணி, கம்மாபுரம். வர்றவங்க சொல்லுங்க. காலி வீடுகள்ல நிக்க ஆள் வேணும்.